ஒரே சஹனில் ஓர் இடம்

போடிநாயக்கனூர் வட்டாரத்தில் கைதான் மூலதனம். பொட்டிபுரத்திற்கு மேற்கே நிமிர்ந்து நிற்கும் மலைகளில் ஏலக்காய் பறிப்பதும், கீழே கடைகளில் அமர்ந்து அதைத் தரம் பிரிப்பதும் விரல் நுனியின் உணர்வை நம்பிய தொழில்கள். அவ்வுணர்வையே பறித்துக்கொள்ளும் நோய் ஒன்று உண்டு. தொழுநோய் என்று இன்று எழுதுகிறோம்; நம் பாட்டிமார் பெருநோய் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள்.

மருந்து கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன பேச்சு என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ உண்டால் கிருமி ஒழிகிறது; மருந்தைத் தொடங்கிய சில நாள்களிலேயே பிறருக்குத் தொற்றும் ஆற்றலை அது இழந்துவிடுகிறது. ஆனால், பட்டுப்போன நரம்பு பெரும்பாலும் மீள்வதில்லை. தேநீர்க் குவளை சுடுவது தெரியாது. காலில் முள் தைத்தது தெரியாது. நாள்தோறும் பாதத்தை நீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, புதிய புண் உண்டா என்று உற்றுப் பார்க்க வேண்டும். தோல் செய்த காவலை ஆயுள் முழுவதும் கண் செய்ய வேண்டும்.

நாம் அறிந்த பெரியவர் ஒருவர் அப்படி வாழ்பவர். சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ஜும்ஆவிற்கு வருவார், கடைசி ஸஃப்பின் ஓரத்தில் நிற்பார். நிக்காஹ் விருந்தில் சஹன் வைக்கும் நேரம் வந்தால் வயிறு சரியில்லை என்று சொல்லி எழுந்துவிடுவார். போகச் சொன்னவர் எவருமில்லை. கையைப் பிடித்து அமர்த்தியவரும் எவருமில்லை. தம்மைப் போன்றோர் கூடிக் கால்களை ஊறவைத்துக்கொண்டு பேசும் ஒரு குழுவில்தான் அவருக்குப் பேச்சு திரும்பியது. அங்கே அவர் விரல்களை எவரும் உற்று நோக்கவில்லை. எல்லோர் விரல்களும் அவ்வாறே இருந்தன.

இத்தகைய கூட்டங்களை அழுது ஆறுதல் தேடும் இடங்கள் என்று எண்ணிவிடக் கூடாது. நம் தமிழகத்தைச் சேர்ந்த பி. கே. கோபால் அவர்கள் தாமே இந்நோய்க்கு ஆளானவர். கும்பகோணத்துத் தொழுநோய் மருத்துவமனையில் சமூகப் பணியாளராக உழைத்தவர். 1994இல் பிரேசில் நாட்டின் பெட்ரோபோலிஸ் நகரில் பல நாட்டவரும் கூடி, நோய்க்கு ஆளானவர்களே முன்னின்று நடத்தும் 'ஐடியா' என்னும் பன்னாட்டு அமைப்பைத் தோற்றுவித்தபோது, அதன் நிறுவனர்களில் ஒருவராக விளங்கினார். அவருக்கு 2012இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அதுவரை இவர்களுக்காகப் பிறர் பேசினர். இனி எங்களைப் பற்றி நாங்களே பேசுகிறோம் என்று இவர்கள் எழுந்து நின்றதுதான் பெரிய மாற்றம் என்போம். 2010இல் ஐ.நா. பொதுச் சபையும் இவர்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கத் தீர்மானம் நிறைவேற்றியது.

இதில் நம் சமுதாயத்தைத் தொடும் செய்தி ஒன்று இருக்கிறது. 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டம் நம் பெண்களுக்குக் கிடைத்த பெரும் பாதுகாப்பு, அதில் ஐயமில்லை. மனைவி மணவிலக்குக் கோருவதற்கான காரணங்களுள் கணவனின் தொழுநோயையும் அச்சட்டம் சேர்த்திருந்தது. குணப்படுத்தும் மருந்தே இல்லாத நாளில் எழுதியவர்களைக் குறை சொல்லோம். ஆனால், கூட்டு மருந்து வந்த பின்னும் 38 ஆண்டுகள் அச்சொல் ஏட்டில் இருந்தது! 2019இல்தான் திருத்தச் சட்டம் அதை நீக்கிற்று. இந்து, கிறிஸ்தவத் திருமணங்கள் தொடர்பான சட்டங்களிலிருந்தும் அதே திருத்தம் அதை அகற்றியது. தொழுநோயாளரை அடைத்து வைக்க வகை செய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016 வரை உயிரோடு இருந்தது என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். (ஃபிக்ஹு நூல்களின் நிலையை ஆலிம்கள் விளக்கட்டும், நாம் பேசுவது அரசின் சட்டத்தை.)

சிங்கத்தைக் கண்டு ஓடுவதுபோல் ஓடுக என்னும் ஹதீஸை எடுத்துக்காட்டுவோர் நம்மிடையே பலர். தொழுநோயாளி ஒருவரின் கையைப் பற்றித் தம் உணவுத் தட்டிலேயே வைத்துப் பெருமானார் (ஸல்) அவர்கள் உடன் உண்ணச் செய்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூதிலும் திர்மிதியிலும் வரும் செய்தியை எடுத்துக்காட்டுவோர் சிலரே. அதன் அறிவிப்பாளர் தொடரில் குறை காண்பவர்கள் உண்டு என்பதையும் மறைக்கவில்லை. எனினும் தொற்று நீங்கியவரை விட்டு ஓடுவதற்கு முதல் ஹதீஸில் என்ன ஆதாரம் இருக்கிறது?

அப்பெரியவர் இப்போது வாய் திறந்து பேசுகிறார். பள்ளிவாசல் நிர்வாகிகளிடம் சென்று, வெளிறிய, உணர்வற்ற தேமலைப் பற்றி ஜும்ஆவிற்குப் பின் இரண்டு நிமிடம் சொல்ல இடம் கேட்டார், கொடுத்தார்கள். பெண்ணின் முதுகில் அத்தகைய தேமலைக் கண்டு, சம்பந்தம் நின்றுவிடுமே என்று மூடி மறைக்கும் வீடுகளுக்கு அழையாமலே போகிறார். தம் இரு கைகளையும் அந்தத் தாயின் முன் நீட்டிக் காட்டி, இவ்வளவு தாமதித்துத்தான் நான் போனேன், நீங்கள் நாளைக் காலையிலேயே போங்கள் அம்மா, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்துக்குக் காசில்லை என்கிறார்.