இலைக்குள் ஒரு சாட்சி

எலுமிச்சைத் தளிரில் வெள்ளிப் பேனாவால் கிறுக்கியது போல வளைந்து வளைந்து ஒரு கோடு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது ஒரு புழு போன வழி! இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே இருந்துகொண்டு, தின்றபடியே நகரும் புழு. பிறகு குட்டியூண்டு அந்துப்பூச்சியாகி வெளியே பறக்கும். இப்படி இலைக்குள் குடியிருக்கும் அந்துப்பூச்சிகள் உலகெங்கும் உண்டு. அவற்றில் ஒன்றின் கதை துப்பறியும் நாவல் மாதிரி இருக்கும்.

ஐரோப்பியப் பூங்காக்களிலும் சாலையோரங்களிலும் ஹார்ஸ் செஸ்ட்நட் என்ற நிழல் மரம் ஏராளம். 1980-களில் மாசிடோனியாவின் ஓஹ்ரித் ஏரிப் பக்கம் அந்த மரங்களின் இலைகள் கோடையிலேயே பழுப்பாகிக் கருகின. காரணம், சுமார் 5 மில்லிமீட்டர் நீளமே உள்ள ஓர் அந்துப்பூச்சி. அதுவரை யாரும் பதிவு செய்யாத இனம் என்பதால் 1986-ல் அதற்கு கேமராரியா ஓஹ்ரிடெல்லா என்று பெயர் வைத்தார்கள். 1989-ல் ஆஸ்திரியா, 2002-ல் லண்டன் என்று அது பரவிக்கொண்டே போனது. மரம் பொதுவாகச் சாவதில்லை. ஆனால் ஆகஸ்ட் மாதத்திலேயே இலையுதிர்காலம் வந்தது போல நிற்கும்.

இந்தப் பூச்சி எங்கிருந்து வந்தது? வேறு கண்டத்திலிருந்தா? வேறு மரத்திலிருந்து தாவியதா? வெறும் ஆர்வத்தில் எழுந்த கேள்வி அல்ல இது. பூர்வீகம் தெரிந்தால்தான் அதை அடக்கும் இயற்கை எதிரிகளை எங்கே தேடுவது என்று தெரியும்.

விடை அருங்காட்சியக அலமாரிகளில் இருந்தது. தாவரவியலாளர்கள் உலர்த்தி, தாளில் ஒட்டி வைத்த பழைய செஸ்ட்நட் இலைகளை ஆய்வாளர்கள் புரட்டினார்கள். தியோடோர் ஃபான் ஹெல்ட்ரைக் 1879-ல் கிரீஸில் சேகரித்த இலைகளுக்குள்ளேயே அந்தப் புழுக்கள் நசுங்கிக் கிடந்தன! பழைய தாள்களில் இருந்த புழுக்களின் டிஎன்ஏவையும் எடுத்துப் பார்த்து, 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். பெயர் வைப்பதற்கு நூறு வருடங்களுக்கு முன்பே அது பால்கன் மலைக்காடுகளில், அந்த மரத்தின் சொந்த ஊரிலேயே, இருந்திருக்கிறது.

தாவரவியல் மாணவர்கள் ஹெர்பேரியம் தயாரிக்கும்போது பழுதில்லாத இலையாகத் தேடிப் பறிப்பது வழக்கம். ஹெல்ட்ரைக்கும் அப்படிப் பார்த்துப் பார்த்துப் பறித்திருந்தால் இந்தச் சாட்சி கிடைத்திருக்காது. அடுத்த முறை தாளில் ஒட்டும்போது, நல்ல இலைகளோடு புழு அரித்த இலை ஒன்றையும் சேர்த்து, தேதியும் இடமும் மறக்காமல் எழுதி வையுங்கள். யாருக்கு எப்போது உதவும் என்று யார் கண்டது!