மன்றோ வீட்டுப் பட்டம்

சென்னை தீவுத்திடல் பக்கம் போனவர்களுக்கு அந்தக் குதிரைச் சிலை தெரிந்திருக்கும். குதிரைக்குச் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. மேலே அமர்ந்திருப்பவர் சர் தாமஸ் மன்றோ, 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண கவர்னர். பட்டா, சிட்டா, அடங்கல், ஜமாபந்தி என்று வருவாய்த் துறையிலேயே காலம் தள்ளிய என்னைப் போன்றவர்களுக்கு அவர் ஒரு வகையில் மூத்த மேலதிகாரி. பாராமகாலில் ரீடு துரையோடு சேர்ந்து ரயத்துவாரி முறைக்கு அடித்தளம் போட்டவர் அல்லவா.

ஓய்வுக்குப் பிறகு அவரைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். முதலில் குழப்பியது பெயர்தான். சர் ஹெக்டர் மன்றோ என்று இன்னொருவர் வருகிறார். 1764ல் பக்சார் போரில் வென்றவர். ஆனால் 1780ல் ஹைதர் அலியிடம் பொள்ளிலூரில் கம்பெனிப் படை சிதைந்தபோது உதவிக்குப் போகாமல், காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் பீரங்கிகளைத் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பியவரும் இவரே. அந்தப் படையில் பத்தொன்பது வயதுப் பையனாக இருந்தவர்தான் நம் தாமஸ்.

இருவரும் மன்றோ, இருவரும் சர். ஆனால் இரண்டு சர்ரும் ஒன்றல்ல. ஹெக்டருக்குக் கிடைத்தது நைட் பட்டம். அது ஆளோடு போய்விடும். தாமஸுக்கு 1825ல் கொடுத்தது பாரோனெட் என்ற பட்டம். அது தகப்பனுக்குப் பின் மூத்த மகனுக்கு இறங்கும். பிரபுக்கள் சபையில் இடம் கிடையாது. பெயருக்கு முன்னால் ஒரு சர், மனைவிக்கு லேடி, அவ்வளவுதான்.

இந்தப் பட்டம் பிறந்த கதையும் சுவையானது. முதலாம் ஜேம்ஸ் மன்னருக்கு அயர்லாந்தில் படை வைக்கப் பணம் வேண்டியிருந்தது. 1611ல் இதை உண்டாக்கினார். முப்பது வீரர்களுக்கு மூன்று வருடச் சம்பளம், அதாவது 1,095 பவுன் கட்டினால் பட்டம். கஜானா காலியானால் அரசாங்கத்துக்கு எப்படியெல்லாம் யோசனை வருகிறது பாருங்கள்!

ஒரே குடும்பப் பெயரில் பல பாரோனெட்டுகள் வந்துவிட்டால் எப்படிப் பிரித்துச் சொல்வது? நம் கிராமத்தில் இரண்டு ராமசாமி இருந்தால் என்ன செய்வோமோ அதையேதான் அவர்களும் செய்கிறார்கள். ஊரைச் சேர்த்துச் சொல்வது. தாமஸ் வகையறா லிண்டர்டிஸ் மன்றோக்கள். அவர்களுக்கு மூத்தது, 1634ல் பட்டம் பெற்ற ஸ்காட்லாந்தின் ஃபவுலிஸ் மன்றோக்கள்.

அந்த ஃபவுலிஸ் வீட்டுச் செய்தியில்தான் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். பதினோராவது பாரோனெட் 1935ல் காலமானார். மகன் அவருக்கு முன்பே போய்விட்டான். இருந்தவர்கள் மகள்கள். குலத்தின் தலைமை மூத்த மகள் வழியில் இறங்கியது. அவருடைய மகன், தகப்பன் பெயரை விட்டுத் தாய்வீட்டுப் பெயரான மன்றோவை ஏற்றுக்கொண்டார். பட்டமோ ஆண் வழியில் வந்த வேறொரு மன்றோவைத் தேடிப் போய்விட்டது. பட்டயத்தில் எழுதியிருப்பது ஆண் வாரிசு. வீட்டில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு அதில் இடமில்லை.

எனக்கும் இரண்டு பெண்கள். எங்கள் ஊர்க் கோயிலில் ஆடித் திருவிழாவில் முதல் பரிவட்டம் எங்கள் வீட்டுக்குத்தான். தாத்தா, அப்பா, அவர்களுக்குப் பின் நான். எனக்குப் பிறகு என் தம்பி மகன் என்று ஊரே தீர்மானித்து வைத்திருக்கிறது. அவனும் நல்ல பிள்ளைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் மூத்தவள் ஒரு நாள் கேட்டாள்: "நிலத்துல எங்களுக்குப் பங்கு உண்டுன்னு நீங்கதானேப்பா ஊருக்கெல்லாம் சட்டம் சொன்னீங்க. துணியில மட்டும் ஏன் இல்லை?"

1989ல் தமிழ்நாட்டில் மூதாதையர் சொத்தில் மகளுக்கும் சம உரிமை என்று சட்டத் திருத்தம் வந்தபோது நான் பணியில் இருந்தேன். தாலுகா ஆபீசுக்கு வந்த அண்ணன்மார்களுக்கு அதை எடுத்துச் சொல்லி, முணுமுணுப்பும் வாங்கியிருக்கிறேன். வாரிசு சான்றிதழுக்கு மகள்கள் பெயரை விட்டுவிட்டு வரும் மனுக்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சென்ற ஆடியில் ஊர்க்கூட்டத்தில் எழுந்து கேட்டேன். பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "வழக்கத்துல இல்லையே. அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார்கள். தம்பி அதற்குப் பிறகு இரண்டு மாதம் போன் செய்யவில்லை.

தாமஸ் மன்றோ வீட்டுக்கு மறுபடி வருகிறேன். அவருடைய மூத்த மகன் 1901ல் காலமானதும் பட்டம் இளைய மகனுக்குப் போனது. இளையவரின் மகன் சர் ஹியூ மன்றோ, நாலாவது பாரோனெட். இவர் ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட மலைகளை எல்லாம் கணக்கெடுத்து 1891ல் ஒரு பட்டியல் வெளியிட்டார். தாத்தாவுக்கு நில அளவை, பேரனுக்கு மலை அளவை! இன்று அந்த மலைகளுக்கே மன்றோ என்றுதான் பெயர். மொத்தம் 282. அத்தனையும் ஏறி முடிக்க வேண்டும் என்று ஆணும் பெண்ணும் வருடக்கணக்கில் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். அவர் எழுதிய பட்டியல் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதற்கு எந்த வாரிசு சான்றிதழும் தேவைப்படவில்லை.

தம்பி போன வாரம் போன் செய்தான். "அண்ணா, கூட்டத்துல நானும் உன் பக்கத்துல உட்காரறேன். ஆனா பேச மாட்டேன்" என்றான். அதுவே எனக்குப் பெரிது. ஆடி பிறக்க இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் என்ன ஆயிற்று என்று எழுதுகிறேன். உங்கள் ஊரில் பெண்ணுக்குப் பரிவட்டம் கட்டிய வழக்கம் இருந்தால் அதற்குள் சொல்லுங்கள். கூட்டத்தில் எடுத்துக்காட்ட எனக்கு உதவும்.