ஏழாவது மாடிக்குப் போன ஆத்தா

அன்புள்ள அம்மிணி,

கடிதம் கிடைத்தது. சென்னையில் புது வீட்டுக்குப் போனதிலிருந்து தூக்கம் பிடிப்பதில்லை, யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுகிறேன், எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று புலம்பியிருக்கிறாய். உனக்கு என்ன ஆனது என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த வீடு எப்படி இருக்கிறதென்று சொல்.

இங்கே கோவையில் நடந்த ஒரு கதை சொல்கிறேன், வெளியே விட்டுவிடாதே. நம்மோடு படித்தவள்தான், பெயர் எழுத மாட்டேன். அன்னூர்ப் பக்கம் தோட்டத்துச் சாளையில் தனியாக இருந்த மாமியாரைச் சரவணம்பட்டி அடுக்குமாடிக்குக் கூட்டி வந்தாள். ஏழாவது மாடி. நல்ல மனசோடுதான் செய்தாள், அதில் குறை சொல்ல முடியாது. ஆத்தா வெடியாலே எழுந்து கட்டுத்தரை கூட்டி, பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றி, பொழுதோட வாசலில் கட்டிலைப் போட்டு ஊர் வம்பை ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தவர். இங்கே வந்தால் வேலை இல்லை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துக் கழிவுநீர்க் குழாய். லிஃப்டில் ஏறப் பயம். சில மாதங்களில் பேச்சு நின்றது, சோறும் குறைந்தது. ஞாபக மறதி நோயோ என்று மகன் பயந்து ஸ்கேன் எடுத்தான். மருத்துவர் ஸ்கேனைத் தள்ளி வைத்துவிட்டு, "காலையில எந்திரிச்சு என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டாராம். "என்னத்தைங்க பண்றது, உக்காந்திருக்கறனுங்க" என்றாராம் ஆத்தா.

பிறகு மருமகள் தினமும் சாயங்காலம் கீழே இறக்கிவிட ஆரம்பித்தாள். வாட்ச்மேன் வீட்டம்மா பேச்சுத் துணை. மதிலோரம் கொஞ்சம் மண் கிடைத்ததில் தண்டுக்கீரை போட்டார். அதைப் பிடுங்கச் சொன்ன அசோசியேஷன்காரர்களோடு இப்போது பெரிய சண்டை. சண்டை போடுகிறார் என்றதும் எனக்கு நிம்மதி வந்துவிட்டது, ஆத்தா தேறிவிட்டார்!

இருக்கும் இடம் மனுஷரை மாற்றும் என்றால் நீ சிரிப்பாய். ஆனால் ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்கர் 1984-லேயே 'சயன்ஸ்' இதழில் இதற்குக் கிட்டத்தட்டச் சான்றே கொடுத்துவிட்டார். பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேர். பாதிப் பேருக்கு ஜன்னல் வழியே மரம் தெரியும், பாதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சின்ன ஆய்வுதான், இருந்தாலும் நம் ஊரில் ஆஸ்பத்திரி கட்டுகிறவர்கள் படிக்கலாம்.

சத்தத்துக்கு வருவோம். உன் படுக்கையறை மெயின் ரோட்டுப் பக்கம் என்கிறாய். குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபலுக்கு மேல் கூடாது என்று 2000-ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. எந்தத் தெரு அதைக் கேட்கிறது? சத்தம் பழகிவிடும் என்பார்கள். சோமனூரில் விசைத்தறிக்குப் பக்கத்திலேயே தொட்டில் கட்டிப் பிள்ளை வளர்த்த ஒரு அக்காவிடம் இதைக் கேட்டேன். "தறி ஓடுனாத் தூங்கிருவேன் கண்ணு, தறி நின்னாத்தான் தூக்கம் வராது" என்றார். 2022 தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்தினார்களே, அப்போதுதான் ராத்திரியெல்லாம் முழித்துக் கிடந்தாராம். தறி நின்றால் அடுப்பும் நின்றுவிடும் அல்லவா. மனசுக்கு அமைதி வேண்டும் என்று நாம் சொல்வது அவர் காதில் எப்படி விழும் என்று யோசித்தேன். காது மந்தமாகிவிட்டது என்பதையும் அவரே சொன்னார், அதையும் மறைக்கவில்லை.

ஊர் நிலவரம் கேட்டிருந்தாய். பெரியகுளம் இப்போது அடையாளம் தெரியாது. 2013-இல் தூர்வார ஜனங்களே திரண்டு இறங்கினார்களே, அதே குளம். ஸ்மார்ட் சிட்டிக் காசில் நடைபாதை, பூங்கா எல்லாம் வந்து, சாயங்காலமானால் உக்கடத்துக் கூட்டம் அங்கேதான். நல்லதுதான். விளக்குகள்தான் கண்ணைக் கூசவைக்கின்றன. குளத்துப் பறவைக்கும் தூக்கம் வேண்டாமா? காந்திபுரத்தில் பழைய ஜெயில் நிலத்தில் 45 ஏக்கரில் செம்மொழிப் பூங்கா 2025 நவம்பரில் திறந்தாயிற்று. 2010 செம்மொழி மாநாட்டில் அறிவித்தது, பதினைந்து வருஷம் கழித்தாவது வந்ததே. என்னைக் கேட்டால், ஒரு பெரிய பூங்காவைவிடத் தெருவுக்கு நாலு வேப்பமரமும் உட்கார ஒரு திண்ணையும் மேல். ஆத்தாக்கள் பஸ் ஏறிப் பூங்காவுக்குப் போக மாட்டார்கள்.

நீ செய்ய வேண்டியது: கட்டிலை ரோட்டுப் பக்கத்திலிருந்து உள்ளறைக்கு மாற்று. காலை வெயில் விழும் ஜன்னலில் அடுக்கியிருக்கும் அட்டைப்பெட்டிகளை இன்றைக்கே எடு. அடுத்த வீட்டுக்காரியிடம் தயிருக்கு உறை கேட்டாவது பேச்சைத் தொடங்கு. மரம் இருக்கும் இடத்தில் நட. வாரத்துக்கு மொத்தம் 120 நிமிடமாவது பசுமையில் கழித்தவர்கள் உடம்பும் மனசும் நன்றாயிருப்பதாகச் சொன்னார்கள் என்று இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரை வைத்து நடந்து 2019-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. நன்றாயிருப்பவர்கள்தான் நடக்கப் போகிறார்களோ என்னவோ! எப்படியும் நடப்பதில் நஷ்டமில்லை.

இதெல்லாம் செய்தும் வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மருத்துவரைப் பார், வெட்கப்படாதே. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் காசில்லாமல் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். கட்டிலை மாற்றினாயா என்று அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

உன்
வம்புக்காரி