இரண்டு பருந்துகள்

காசிமேட்டில் விசைப்படகுகள் கரைசேர்ந்து மீன் ஏலம் தொடங்கும் வேளையில், தலைக்கு மேலே இருவகைப் பருந்துகள் வட்டமிடும். ஒன்று வெண்டலையும் செம்மேனியும் உடையது. அதைக் கருடனென்று கண்டு கன்னத்தில் போட்டுக்கொள்வோர் உண்டு. மற்றது மங்கிய பழுப்பு நிறம், நுனி பிளந்த வால். இரண்டும் தேடுவது ஒரே மீன் கழிவைத்தான். நம் மக்கள் நிறம் பார்த்துச் செம்பருந்து, கரும்பருந்து என்றனர். ஆங்கிலேயரோ முதலாவதைப் 'பிராமினி' பருந்து என்றும் இரண்டாவதைப் 'பரையா' பருந்து என்றும் எழுதிவைத்தனர்.

யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஆங்கிலோ-இந்தியச் சொற்களின் அகராதியில் இவ்விரு அடைமொழிகளையும் காணலாம். கோயிலுக்கு நேர்ந்துவிட்ட காளை 'பிராமினி' காளை. செந்நிற வாத்து 'பிராமினி' வாத்து. தெருநாய் 'பரையா' நாய். ஐரோப்பியச் சிப்பாய்களும் மாலுமிகளும் வாங்கிக் குடித்த மட்டமான சாராயம் 'பரையா' சாராயம். குடித்தவன் வெள்ளையன், இழிவு மட்டும் நம்மவனுக்கு!

இத்தனைக்கும் அச்சொல்லின் வேர் பறை என்று அந்த அகராதியே கூறுகிறது. ஐந்திணைக்கும் உரிய கருப்பொருள்களுள் பறையையும் வைத்தவர் தொல்காப்பியர். அந்த இசைக்கருவியின் பெயரோடு இணைந்த ஒரு மக்களின் பெயர், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துள் புகுந்து, 19ஆம் நூற்றாண்டில் 'ஒதுக்கப்பட்டவன்' என்ற பொதுப்பொருளை அடைந்தது. உலக நாடுகள் ஒதுக்கிவைக்கும் அரசைக்கூட இன்று அவ்வடைமொழியால்தான் குறிக்கிறார்கள்.

ஆங்கிலேயரை மட்டும் குறைகூற என் நா எழவில்லை. இராயப்பரின் பெயரால் வந்ததென்று நாங்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் இராயபுரத்தில் வளர்ந்தவன் நான். ஒருமுறை அடக்கச் சடங்கொன்றுக்காக என் தாயாரின் ஊருக்குச் சென்றபோது, கல்லறைத் தோட்டத்தின் நடுவே இடுப்பளவுச் சுவர் ஒன்றைக் கண்டேன். இருபுறமும் ஒரே சிலுவைகள். "அந்தப் பக்கம் அவங்களோடது" என்றார் மாமா. நானும் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் இந்தப் பக்கத்தில் மண் தள்ளிவிட்டு வந்தேன்.

1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கென வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவர் இன்றும் வெளியே நிற்கின்றனர். அரசு அவர்களைக் கிறிஸ்தவர் என்று தள்ளுகிறது. அந்தச் சுவரோ கிறிஸ்தவர் என்று ஏற்க மறுக்கிறது.

இன்றைய பறவைப் பட்டியல்களில் 'பரையா' பருந்து இல்லை. 'கறுப்புப் பருந்து' என்று மாற்றிவிட்டார்கள். 'பிராமினி' பருந்து மட்டும் அதே பெயரோடு பறக்கிறது. மாமாவின் ஊருக்குப் பிறகு நான் போகவில்லை. வருகிற நவம்பர் கல்லறைத் திருநாளுக்குப் போக வேண்டும். கேட்காமல் விட்டதைக் கேட்கவேண்டும்.