ஏன் தம்பி 49 ஆயிரம்?

பன்னிரண்டு ரூபாய் டீக்கு நீங்க கடைசியா எப்போ அசிங்கப்பட்டீங்க? நான் பட்டது 2024 டிசம்பர் 18, காலை ஆறரை மணி. ரமணாசிரமத்துக்குப் பக்கத்துல, செங்கம் ரோட்டு டீக்கடை. ஜிபே சுத்திச் சுத்தி வந்து சிவப்பாகி நின்னுது. நெட்வொர்க்னு நினைச்சு வெளியே வந்து போனைத் தூக்கிப் பிடிச்சு மறுபடியும் போட்டேன். திரும்பவும் சிவப்பு. "விடு தம்பி, நாளைக்குக் குடு"ன்னார் கடைக்காரர்.

அந்த நிமிஷம் என் கணக்கில் இருந்தது 1,85,640 ரூபாய். அதில் என் சொந்தக் காசு வெறும் 640. மீதி யாருடையது என்பதுதான் இந்தக் கதை.

எங்க ஏரியா தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். ஆசிரமத்தைத் தாண்டி அப்படியே நடந்தா கிரிவலப் பாதை. மலையைச் சுத்தி 14 கிலோமீட்டர். சாதாரண நாளில் அமைதியான தெரு. பௌர்ணமி வந்தா விடிய விடிய ஜனம். அம்மா அந்தப் பாதையோரம் தள்ளுவண்டியில் இட்லிக் கடை போடறாங்க. நான் செமஸ்டர் ஃபீஸ் கட்டுறது அந்த ஆவியில்தான். பக்கத்துல இளநீர் அண்ணன். அதுக்குப் பக்கத்துல பூ அக்கா. மூணு பேருக்கும் வருஷத்தோட பெரிய வியாபாரம் கார்த்திகை தீபம்.

அந்த வருஷம் தீபத்துக்கு முன்னாடி எல்லாருக்கும் பயம். ஃபெஞ்சல் புயல் மழையில் டிசம்பர் 1-ஆம் தேதி மலையில் மண் சரிஞ்சு, வ.உ.சி. நகரில் ஏழு பேர் இறந்து போனாங்க. ஊரே உடைஞ்சு போயிருந்தது. ஜனம் வருமான்னு தெரியாமலே மூணு பேரும் கடனுக்குச் சரக்கு எடுத்தாங்க. டிசம்பர் 13 தீபத்துக்கு ஜனம் வந்தது. பௌர்ணமி முடிஞ்சப்போ அம்மாகிட்ட 96,500, அண்ணன்கிட்ட 99,000, அக்காகிட்ட 49,500. மொத்தம் 2,45,000 ரூபாய், எல்லாம் எண்ணெய்க் கறையும் விபூதியும் ஒட்டின நோட்டு.

மூணு பேருக்கும் சரக்கு கொடுத்தவங்க காசை அக்கவுண்ட்ல போடச் சொல்றாங்க. அண்ணனோட பேங்க் அவர் கிராமத்தில். ஏடிஎம் கார்டு கிடையாது. அக்காவுக்குக் கடையை விட்டு நகர முடியாது. தீப லீவுக்கு வீட்டுக்கு வந்த இன்ஜினியர் ஒருத்தன் சும்மாதானே இருக்கான்? "என் அக்கவுண்ட்ல போட்டு நான் அனுப்பிடறேன்"னு பெருமையா ஒத்துக்கிட்டேன்.

இங்கதான் என் புத்தி வேலை செஞ்சது. ஹாஸ்டல் சீனியர் ஒருத்தர் சொன்னது ஞாபகம் வந்தது: "அம்பதுக்கு மேல கேஷ் போட்டா இன்கம்டாக்ஸ் வந்துரும். நாப்பத்தொம்பதாப் பிரிச்சுப் போடு, எவனும் கேக்க மாட்டான்." அம்மாவும் நானும் பத்து, இருபது ரூபாய் நோட்டையெல்லாம் கடை கடையா ஏறி மாத்தினோம். 14-ஆம் தேதியிலிருந்து 17 வரைக்கும் டெபாசிட் மெஷினில் அஞ்சு தடவை, தடவைக்கு 49,000. நடுவுல அண்ணனுக்காகப் பொள்ளாச்சி இளநீர் வியாபாரிக்கு 60,000 யுபிஐ பண்ணினேன். பதினெட்டாம் தேதி காலையில் மீதியை அனுப்பலாம்னு எழுந்தேன். முதல்ல ஒரு டீ குடிக்கப் போனேன்.

பேங்க் பேரைச் சொல்லப் போறதில்லை. எந்த பேங்கா இருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். கவுன்டர்ல இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு, "டெபிட் ஃப்ரீஸ்"னார். அப்படின்னா கணக்குக்குள்ள காசு வரலாம், வெளியே போகாது. ஏன்னு கேட்டேன். "சிஸ்டம் போட்டிருக்கு. மேடத்தைப் பாருங்க."

கேஒய்சி பார்க்கும் மேடம் என் ஸ்டேட்மென்ட்டை பிரின்ட் எடுத்து, அஞ்சு வரியைப் பேனாவால் வட்டம் போட்டாங்க. நிமிர்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க.

"ஏன் தம்பி 49 ஆயிரம்?"

என்கிட்ட பதில் இல்லை. அம்பதாயிரத்துக்கு மேல ஒரே நாளில் கேஷ் போட்டா பான் எண் கொடுக்கணும், அப்போ இருந்த விதி அவ்வளவுதான். வரி கட்டணும்னு இல்லை. ரெய்டு வரும்னு இல்லை. பத்து இலக்க எண் ஒண்ணு எழுதணும். என் பான் கார்டு அப்போ என் பர்ஸ்லயே இருந்தது! மறைக்க ஒண்ணுமே இல்லாத ஒருத்தன், மறைக்கிறவன் என்ன செய்வானோ அதை ஒண்ணு விடாம செஞ்சிருந்தேன்.

அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து படிச்சதை உங்களுக்கும் சொல்றேன். செமஸ்டருக்கு வராது, வாழ்க்கைக்கு வரும். 2002-ஆம் வருஷ பணமோசடித் தடுப்புச் சட்டப்படி, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கேஷ் பரிவர்த்தனைகளை பேங்க் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தெரிவிக்கணும். நாம எல்லாரும் அந்தப் பத்து லட்சத்தோட நிறுத்திக்கிறோம். ஆனா சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கைன்னு இன்னொண்ணு இருக்கு. அதுக்குக் குறைந்தபட்சத் தொகையே கிடையாது. கணக்கு வெச்சிருக்கிறவர் யார், அவருக்கு இந்தக் காசு பொருந்துதா, வரம்புக்குச் சற்றுக் கீழேயே திரும்பத் திரும்ப விழுதா — இதையெல்லாம் பார்ப்பாங்க. அப்படி ஒரு அறிக்கை போச்சா இல்லையான்னு நம்மகிட்ட சொல்லவும் அவங்களுக்கு அனுமதி இல்லை. கவுன்டர்ல முகத்தைத் திருப்பிக்கிட்டா எல்லாமே திமிர் இல்லைங்க.

என் ஸ்டேட்மென்ட்டை அந்தக் கண்ணால பாருங்க. கணக்கு தொடங்கினப்போ வருமானம் 'இல்லை'ன்னு எழுதின மாணவன். மாசம் முழுக்க மெஸ் பில், ரீசார்ஜ். திடீர்னு நாலு நாளில் ரெண்டே கால் லட்சத்துக்கு மேல கேஷ். வந்த வேகத்தில் வேற மாவட்டத்து ஆளுக்கு 60,000 பாயுது. இதுக்குப் பேர்தான் மியூல் அக்கவுண்ட். மியூல்னா கோவேறு கழுதை; அடுத்தவன் மூட்டையைத் தன் முதுகில் சுமக்கிற கணக்கு. "அக்கவுண்ட் மட்டும் குடுங்க ப்ரோ, மாசம் கமிஷன்"னு டெலிகிராமில் வருதே, அதை நம்பிக் கொடுக்கிற பசங்க கணக்கும் இப்படித்தான் தெரியும். இந்த மாதிரிக் கணக்கைக் கண்டுபிடிக்க ரிசர்வ் பேங்கோட இன்னோவேஷன் ஹப் 'மியூல்ஹன்டர்'னு ஒரு ஏஐ கருவி செஞ்சிருக்கு. அது பத்தின அறிவிப்பு வந்தது அதே டிசம்பர் 6-ஆம் தேதி. நம்ம டிபார்ட்மென்ட் பசங்க ப்ராஜெக்ட்ல 'அனாமலி டிடெக்‌ஷன்'னு ஸ்லைடு போடறோம் இல்லையா? அந்த அனாமலியாவே இருந்து பார்த்தவன் நான்.

இதெல்லாம் எனக்குப் புரிஞ்சது. இளநீர் அண்ணனுக்கு எப்படிப் புரிய வைக்கிறது? அவர் சத்தம் போடலை. போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். தினம் காலையில் இளநீரை இறக்கிட்டு, "என்ன தம்பி, ஆச்சா?"ன்னு மட்டும் கேட்பார். அவருடைய 39,000 உள்ளே இருந்தது. பூ அக்காவோட 49,500 முழுசா உள்ளே. மாலை கட்டுற கையை நிறுத்தாம அக்கா ஒரு நாள் கேட்டாங்க: "மெஷின்ல போட்டது திரும்ப வரும்ல?" மூணாம் நாள் அம்மா காதில் கம்மல் இல்லை. நான் கேட்கலை. அக்கா மட்டும் பூ மண்டிக்குப் பாக்கியைக் கட்டிட்டாங்க.

நான் எழுதிக்கொண்டு போன முதல் விளக்கக் கடிதம் இங்கிலீஷ்ல. எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம். எங்களுக்கு லெட்டர்னா லீவ் லெட்டர்தான். காய்ச்சல்ங்கிற இடத்துல கேஷ்னு மாத்தின மாதிரி இருந்தது அது. மேடம் படிச்சுட்டுத் திருப்பிக் கொடுத்தாங்க. "இதுல ஒண்ணுமே இல்லையே தம்பி. தமிழ்லயே எழுது. எந்தக் காசு யாரோடது, எப்படி வந்தது, யாருக்குப் போகணும். ஆதாரம் வை."

ஆதாரமா? இட்லி வித்ததுக்கு யார் பில் போடறா?

வீட்டுல சொன்னேன். அம்மா அடுப்படி அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பின்னாலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தாங்க. தேதி போட்டு, அரிசி இத்தனை, உளுந்து இத்தனை, கேஸ், வித்தது, மீதி. தீபத்தன்னைக்கு மட்டும் ரெண்டு பக்கம். அந்த நோட்டை நான் சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கேன். ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. ஸ்கூல்ல அம்மா என்ன வேலைன்னு கேட்டா 'பிசினஸ்'னு சொல்லிட்டு நகர்ந்தவன் நான். அன்னிக்கு அந்தப் பிசினஸோட கணக்குதான் என்னைக் காப்பாத்துது.

அண்ணன் பொள்ளாச்சிச் சரக்கு பில்லைக் கொடுத்தார். அக்கா பூ மண்டிச் சிட்டைகளை நூலில் கோத்தே கொண்டுவந்தாங்க. ராத்திரி பதினோரு மணிக்கு நான் கடிதம் எழுத, அம்மா தோளுக்கு மேல எட்டிப் பார்த்தாங்க. "ரொக்கத்துக்குச் சின்ன ர-டா." திருத்தினேன். கடைசிப் பத்தியில், அம்பதாயிரத்துக்குக் கீழே ஏன் பிரிச்சுப் போட்டேன்னும் உள்ளதை உள்ளபடி எழுதினேன். பான் கேட்டுடுவாங்கன்னு பயந்தேன், விஷயம் தெரியலைன்னு. அந்த வரியை எழுதத்தான் அதிக நேரம் ஆச்சு.

மேடம் முழுக்கப் படிச்சாங்க. நோட்டைப் புரட்டினாங்க. ஜெராக்ஸ் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பினாங்க. மூணு தடவை அலைஞ்சேன். டீக்கடையில் பணம் போகாம நின்னதிலிருந்து 22-ஆம் நாள், ஜனவரி 9, ஃப்ரீஸ் எடுத்தாச்சு. அன்னிக்கே மூணு பேர் கணக்கும் நேர். கம்மலை மீட்க வட்டி கட்டினது என் மெஸ் காசு.

எனக்கு நடந்தது சின்னது. இதைவிடப் பெரிய முடக்கம் ஒண்ணு இருக்கு: எங்கேயோ ஒரு சைபர் மோசடிக் காசு கைமாறி நம்ம கணக்கைத் தொட்டா, வேற மாநிலப் போலீஸே பேங்குக்குக் கடிதம் எழுதி நிறுத்தலாம். முன்னாடி குற்றவியல் நடைமுறைச் சட்டம் 102, இப்போ பிஎன்எஸ்எஸ் 106. இதில் அப்பாவிகள் நிறைய மாட்டினாங்க. 2023-ல் கேரள உயர் நீதிமன்றம், சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்தணும்னு சொல்லுச்சு. 2024-ல் நம்ம சென்னை உயர் நீதிமன்றமும், எவ்வளவு தொகைன்னு குறிப்பிடாம முழுக் கணக்கையும் முடக்குறது ஒருத்தரோட தொழிலையும் பிழைப்பையும் பறிக்கிறதுன்னு சொல்லி, சுமார் இரண்டரை லட்சத்தை மட்டும் நிறுத்தி வெச்சுட்டு மீதியை எடுக்க வழி செஞ்சது. அதனால உங்களுக்கு நடந்தா முதல் கேள்வி: நிறுத்தினது பேங்கா, போலீஸா? போலீஸ்னா எந்த ஸ்டேஷன், என்ன புகார் எண், எவ்வளவு தொகை? எழுத்துல கேளுங்க, எழுத்துல கொடுங்க, கொடுத்ததுக்கு முத்திரை வாங்குங்க. பேங்க் 30 நாளில் பதில் சொல்லலைன்னா ரிசர்வ் பேங்க் ஒம்புட்ஸ்மனுக்குப் போகலாம், கட்டணம் கிடையாது.

பேங்க் மேல எனக்குக் கோபம் முழுக்கப் போகலை. ஒரு போன் பண்ணிக் கேட்டிருந்தா அம்மா கம்மலைக் கழட்டியிருக்க வேண்டாம். ஆனா அந்த அஞ்சு 49-ஐயும் போட்டது நான்தான். அடுத்தவங்க காசு நம்ம கணக்குல ஒரு ராத்திரி தங்கினாலும் அதுக்கு நாமதான் பதில் சொல்லணும்.

இப்போ அம்மாவுக்குத் தனிக் கணக்கு, வண்டியில் அவங்க பேர்லயே கியூஆர் ஸ்டிக்கர். அக்காவுக்கும் ஆச்சு. அண்ணன் மட்டும் இன்னும் யோசிக்கிறார். 2025 தீபம் முடிஞ்சு அம்மாவோட பேங்குக்குப் போனேன். மெஷின் பக்கம் போகலை. கவுன்டரில் சலானை நிரப்பினேன், மொத்தத் தொகையும் ஒரே சீட்டில். பான் எண் கட்டத்தில் அம்மாவோட எண்ணை அம்மாவே எழுதினாங்க. கவுன்டர்ல இருந்தவர் எண்ணி முடிச்சு முத்திரை குத்தினார். ஒரு கேள்வியும் கேட்கலை.

வர்ற வழியில் டீ. பன்னிரண்டு ரூபாய். அம்மா ஸ்கேன் பண்ணினாங்க.