அப்பாவின் மிதிவண்டியும் ஒரு பிரெஞ்சுக் கால்வாயும்

மிதிவண்டி என்றாலே எனக்குப் பல வருடங்கள் பிடிக்காது. காரணம், அது எங்கள் வீட்டில் விளையாட்டுப் பொருளாக இருந்ததில்லை. அம்மாவின் சிகிச்சைக்காக அப்பா தம் மோட்டாரை விற்ற பிறகு, வீட்டில் மிஞ்சிய ஒரே வாகனம் அதுதான்.

அப்பா தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். இளவயதில் பால்மரம் வெட்டினார். கித்தா மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகு லயத்தை விட்டு வெளியேறி, தொழிற்சாலை ஒன்றில் பாதுகாவலர் வேலைக்குச் சேர்ந்தார். நான் தமிழ்ப்பள்ளியில் படித்த ஆறு ஆண்டுகளும் அந்த மிதிவண்டியின் கேரியரில்தான் பயணம். உட்காரும் இடத்தில் துண்டை நாலாக மடித்துப் போட்டிருப்பார். "கால சக்கரத்துல விட்டுடாதம்மா" என்று தினமும் ஒரு முறையாவது சொல்வார். அந்த நாள்களில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. தமிழ்ப்பள்ளியில் என்னைப் போல் வந்தவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள்.

2016இல் தேசிய இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றில் சேர்ந்தேன். வாசலில் வரிசையாகக் கார்கள் நிற்கும். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், உடற்கல்வி உடையை வீட்டிலேயே மறந்துவிட்டேன். இரவு வேலை முடிந்து வந்த அப்பா, தூங்காமல் அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்கே வந்துவிட்டார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. உடன் நின்ற தோழி மலாயில், "யார் அவர்?" என்று கேட்டாள். "பக்கத்து வீட்டு அங்கிள்" என்றேன்.

அப்பாவுக்கு மலாய் நன்றாகத் தெரியும். பையை என்னிடம் நீட்டி, "சரிம்மா" என்று மட்டும் சொன்னார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மறுநாளிலிருந்து பள்ளிக்கு ஒரு தெரு முன்னாலேயே என்னை இறக்கிவிடத் தொடங்கினார். நானும் ஏன் என்று கேட்கவில்லை.

இதை எட்டு ஆண்டுகள் யாரிடமும் சொன்னதில்லை.

2024இல் மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் கீழ் ஒரு பருவம் பிரான்சின் துலூஸ் நகரில் படிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. அங்கே முதல் வாரத்திலேயே ஒரு காட்சி. எங்கள் விரிவுரையாளர் தலைக்கவசத்தோடு மிதிவண்டியில் வந்து இறங்கினார். கால்சட்டையின் ஓரத்தைச் சங்கிலியில் மாட்டாதபடி ஒரு பட்டையால் கட்டியிருந்தார். ஒருவர்கூட அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் அப்பா அதே வேலைக்கு ரப்பர் வளையத்தைப் போட்டுக்கொள்வார்.

இரண்டு வாரம் யோசித்துவிட்டு, எழுபது யூரோ கொடுத்துப் பழைய மிதிவண்டி ஒன்றை வாங்கினேன். ஏப்ரல் மாதத்தில் இரண்டு நாள் விடுமுறை வந்தது. கர்க்கசோன் நகர் வரை கால்வாய் ஓரமாகவே மிதித்துப் போவது என்று முடிவு செய்தேன். ஏறக்குறைய நூறு கிலோ மீட்டர்.

அந்தக் கால்வாயின் பெயர் கனால் டு மிடி. துலூஸில் தொடங்கி மத்தியதரைக் கடலோரம் வரை 240 கிலோ மீட்டர் ஓடுகிறது. உப்பு வரி வசூலித்துச் செல்வந்தரான பியேர் போல் ரிக்கே என்பவர் திட்டத்தை வகுத்தார். பதினான்காம் லூயி மன்னர் 1666இல் அனுமதி தந்தார். 1681இல் கால்வாய் திறக்கப்பட்டது. ஆனால், தம் சொந்தப் பணத்தையும் அதில் கொட்டிக் கடனாளியான ரிக்கே, திறப்பு விழாவுக்குச் சில மாதங்களுக்கு முன்பு, 1680இல் இறந்துவிட்டார். 1996இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

துலூஸிலிருந்து முதல் ஐம்பது கிலோ மீட்டருக்குத் தார் போட்ட மிதிவண்டிப் பாதை. ஒரு பக்கம் பச்சை நிற நீர், மறு பக்கம் கோதுமை வயல், இடையிடையே மஞ்சளாகப் பூத்த கடுகினப் பயிர். சில இடங்களில் நெடுஞ்சாலையின் இரைச்சல் தொலைவில் கேட்கும். பிறகு அதுவும் அடங்கிவிடும். என் சங்கிலியின் சத்தமும் வாத்துகளின் சத்தமும்தான் மிஞ்சும். இரு கரையிலும் பிளேன் மரங்கள். அவற்றின் வேர்கள் தாரை முட்டித் தூக்கியிருப்பதால், நிழலை ரசித்துக்கொண்டே போனால் பள்ளத்தில் விழ வேண்டியதுதான்!

பாதை ஏறக்குறைய சமதளம். அந்த ஐம்பது கிலோ மீட்டரிலும் அறுபது மீட்டருக்குக் குறைவாகவே ஏற்றம். படகு மலை ஏறாது. ஆகவே நிலத்தின் வளைவைப் பார்த்து வெட்டியிருக்கிறார்கள். மட்டம் மாறும் இடங்களில், இரு முனையிலும் கதவு வைத்த பெரிய தொட்டி இருக்கும். படகு உள்ளே நுழைந்ததும் கதவை மூடி, நீரை நிரப்பி மேலே தூக்குவார்கள். அல்லது நீரை வடித்துக் கீழே இறக்குவார்கள். தொட்டியின் சுவர்கள் முட்டை வடிவில் வெளிப்புறம் வளைந்திருக்கும். மண்ணின் அழுத்தத்தைத் தாங்க அந்த வளைவு. பக்கத்தில் காவலரின் சிறு வீடு. அடுத்த தொட்டி எவ்வளவு தூரம் என்று அதன் சுவரில் பொறித்திருப்பார்கள். களைத்துப் போனவளுக்கு அந்த எண்தான் ஆறுதல்.

களைப்புக்குக் காரணம் காற்று. அந்த வட்டாரத்தில் தென்கிழக்கிலிருந்து வீசும் காற்றுக்கு ஓட்டான் என்று பெயர். மனிதர்களைப் பித்துப் பிடிக்க வைக்கும் காற்று என்று உள்ளூரில் சொல்வார்கள். அன்று அது நேராக என் முகத்தில் அடித்தது. சமதளப் பாதைதானே என்று அலட்சியமாகப் புறப்பட்ட நான், மலை ஏறுவதுபோல் மிதித்தேன்.

பிற்பகலில் நொரூஸ் என்ற இடத்தை அடைந்தேன். கால்வாயின் உச்சி இதுதான். கடல் மட்டத்திலிருந்து 189 மீட்டர். இங்கிருந்து நீர் ஒரு பக்கம் அட்லாண்டிக் நோக்கியும் மறு பக்கம் மத்தியதரைக் கடல் நோக்கியும் பிரிகிறது. உச்சிக்கு நீரை எப்படிக் கொண்டு வருவது என்பதுதான் அந்தக் காலத்தில் எவராலும் அவிழ்க்க முடியாத முடிச்சாக இருந்தது. கருமலை எனப் பொருள்படும் மலைத்தொடரின் ஓடைகளைத் திருப்பி, சேன் ஃபெரியோல் என்ற இடத்தில் அணை கட்டித் தேக்கி, வாய்க்கால் வழியாக இங்கே கொண்டுவந்து சேர்த்தார் ரிக்கே.

அவருக்கு அங்கே உயரமான நினைவுத் தூண் இருக்கிறது. அதன் அடியில் உட்கார்ந்து ரொட்டியைத் தின்றுகொண்டே யோசித்தேன். வேலை உச்சத்தில் இருந்தபோது ஏறக்குறைய பன்னிரண்டாயிரம் பேர் மண் வெட்டினார்கள், சுமந்தார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். அவர்களின் பெயர் தூணில் இல்லை. நான் மிதித்து வந்த பாதைகூட உல்லாசத்திற்குப் போட்டது இல்லை. கரையில் நடந்தபடி படகுகளைக் கயிற்றால் இழுத்த குதிரைகளுக்காகப் போட்டது. உழைப்புக்காகப் போட்ட பாதையில் இன்று நாங்கள் விடுமுறையைக் கழிக்கிறோம். அப்பா விடியலில் பால்வாளியோடு மிதித்த செம்மண் பாதை நினைவுக்கு வந்தது. எனக்கு அது கதையாகத்தான் தெரியும்.

அன்றிரவு காஸ்டெல்நொடாரியில் தங்கினேன். வெள்ளைப் பயற்றை வாத்து இறைச்சியோடும் பன்றி இறைச்சியோடும் மண்சட்டியில் மணிக்கணக்கில் வேகவைத்த காசுலே என்ற உணவு அவ்வூரின் பெருமை. பசிக்கு அது அமிர்தமாக இருந்தது.

மறுநாள் தார்ச்சாலை இல்லை; மண்ணும் கல்லும் கலந்த ஒற்றையடிப் பாதை. பத்து கிலோ மீட்டர்கூடத் தாண்டியிருக்க மாட்டேன், பின் சக்கரம் தளர்ந்தது. பஞ்சர்! கண்ணுக்கெட்டிய தூரம் வரை கடை இல்லை, ஆளும் இல்லை.

ஒரு கணம் அழுகை வந்தது. பிறகு கை தானாக வேலையைத் தொடங்கியது. வண்டியைத் தலைகீழாக நிறுத்தினேன். சக்கரத்தைக் கழற்றி, டயரை நெம்பி, டியூப்பை உருவினேன். கொஞ்சம் காற்றடித்து, கால்வாய் நீரிலேயே அமுக்கினேன். குமிழி வந்த இடத்தில் ஓட்டை. துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பசை தடவிக் காத்திருந்தேன். எங்கள் அடுக்குமாடியின் கீழே, அப்பா சிவப்பு வாளியில் டியூப்பை அமுக்க, நான் குமிழியைத் தேடிய சனிக்கிழமைகள் எத்தனையோ.

வழியில் வந்த முதியவர் ஒருவர் தம் மிதிவண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். உதவட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நான் ஒட்டி முடித்ததும், "என் பேரப்பிள்ளைகளுக்கு இது தெரியாது. உங்களுக்கு யார் கற்றுக் கொடுத்தது?" என்றார்.

"என் அப்பா" என்றேன்.

"மிதிவண்டிக் கடை வைத்திருக்கிறாரா?"

"இல்லை. மலேசியாவில் ரப்பர் மரம் வெட்டியவர். இப்போதும் மிதிவண்டியில்தான் வேலைக்குப் போகிறார்."

தட்டுத்தடுமாறிய பிரெஞ்சில் இதைச் சொல்லி முடித்தபோது என் குரல் உடைந்துவிட்டது. மொழி சிரமத்தால் என்று அவர் நினைத்திருக்கலாம். டயரைத் தட்டிக் காட்டி, "அப்படியானால் இது உங்கள் அப்பாவின் மரத்திலிருந்து வந்திருக்கும்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவர் வேடிக்கையாகச் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. கழற்றி மாட்டக்கூடிய மிதிவண்டி டயரை மிச்செலின் சகோதரர்கள் பிரான்சில் அறிமுகப்படுத்தியது 1891இல். அதே பத்தாண்டில்தான் மலாயாவில் ரப்பர் தோட்டப் பயிராக வேரூன்றத் தொடங்கியது. உலகத்தின் சக்கரங்களுக்காக அந்த மரங்களை வெட்டக் கப்பலேறி வந்தவர்களில் என் பாட்டனின் தகப்பனாரும் ஒருவர். நான் மறைக்க நினைத்தது இந்த வரலாற்றைத்தான்.

கர்க்கசோனை நெருங்கும்போது திடீரென்று நிழல் இல்லாமல் போயிற்று. 2006இல் கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சை நோயால், ஏறக்குறைய 42,000 பிளேன் மரங்களில் பெரும்பகுதியை வெட்டி எரித்துவிட்டார்களாம். பழைய அடிமரங்கள் இருந்த இடத்தில் வேறு இனக் கன்றுகள், கம்போடு கட்டப்பட்டு நின்றன. வெயில் சுட்டது. பின் சக்கரத்தில் காற்று இறங்கவில்லை.

மாலை மூன்று மணிக்கு நகரை அடைந்ததும் அப்பாவை அழைத்தேன். அங்கே இரவு ஒன்பது.

"சாப்டியாம்மா?"

"சாப்டேன்பா. வழியில பஞ்சர். நானே ஒட்டிட்டேன்."

"உப்புத்தாள்ல தேச்சியா?"

"தேச்சேன்பா. ஒரு பெரியவரு, யாரு சொல்லிக் கொடுத்தான்னு கேட்டாரு."

"என்ன சொன்னே?"

"என் அப்பான்னு சொன்னேன்."

சிறிது நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை.

"சரிம்மா" என்றார் அப்பா. பிறகு, "கல்லு ரோடுன்னா காத்த கொஞ்சம் நல்லா அடிச்சிக்க" என்றார்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எண்ணியிருந்தேன். தொலைபேசியில் வார்த்தை வரவில்லை. நாடு திரும்பிய பிறகும் நேரில் சொல்ல முடியவில்லை.

இந்த ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, பயணக் கட்டுரை தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். என் அப்பா தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். ஆண்டுதோறும் நான் கொண்டுபோகும் இந்த மலரை அட்டை முதல் அட்டை வரை படிப்பவர். இந்தப் பக்கத்துக்கும் வருவார்.

அப்பா, அன்றைக்கு அந்தத் தோழியிடம் நான் சொன்னது பொய்.