கப்பலுக்கு வழிவிட்ட பாலம்

கூரத்தில் ஏரி உண்டு, கப்பல் கிடையாது. தறிக்குழியைவிட்டு அதிகம் வெளியே போயிராத அப்பாவைக் கல்லூரி நாட்களில் இராமேசுவரம் அழைத்துச் சென்றேன். பாம்பன் சாலைப்பாலத்தில் நின்றோம். கீழே 1914இல் திறக்கப்பட்ட இரயில் பாலம். அதன் நடுவிலிருந்த ஷெர்சர் தூக்குப்பகுதியில் இருபுறமும் தொழிலாளர்கள் நெம்புகோல்களைத் தள்ளிச் சுற்ற, இரும்பு இலைகள் இரண்டும் மெல்ல வானோக்கி எழுந்தன. சிறிய சரக்குக் கப்பலொன்று நுழைந்தது. பின்னால் மீன்பிடிப் படகுகள்.

அப்பாவின் கண் கப்பலில் இல்லை. அந்த ஆட்கள்மீதே இருந்தது. "நம்ம கோர்வை மாதிரி இருக்குடா" என்றார்.

கோர்வைச் சேலையில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா. நெய்பவருக்கு மறுகரையில் துணையாள் வேண்டும். பள்ளி விட்டு வந்ததும் அந்தத் துணையாள் நான்தான். படிப்புக்காக நான் எழுந்துபோன பிறகு அப்பா கோர்வை நெய்யவேயில்லை. அது எனக்கு உறைத்தது அன்றுதான்.

2022 டிசம்பரில் பழைய பாலத்தில் இரயில்கள் நின்றன. 2025 ஏப்ரல் 6இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில், 72.5 மீட்டர் நீளத் தூக்குப்பகுதியை மோட்டார்கள் 17 மீட்டர் உயரத்துக்கு நேராகத் தூக்குகின்றன. அண்மையில் போய்ப் பார்த்தேன். கப்பல் வந்தது, பாலம் எழுந்தது. நெம்புகோல் தள்ளுவோர் எவருமில்லை. என் பக்கத்தில் அப்பாவும் இல்லை.